நெவாடா மேட்டுநிலங்களில் நீரூற்றுகளும் கால்நடைப் பண்ணைகளும்

ஐக்கிய அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தின் வடக்கு, நடு, கிழக்குப் பகுதிகள் வறண்ட மேட்டுநிலங்களாகும். இங்கு 1860கள் முதல் மாடு வளர்ப்பும் செம்மறியாடு வளர்ப்பும் பெரும் பண்ணைத் தொழிலாக நடைபெற்று வருகின்றன. இத்தொழில் முழுவதும் மலையடிவாரங்களில் சுரக்கும் சிறு ஊற்றுகளையும், பனி உருகி வரும் ஓடைகளையும் நம்பியுள்ளது. மாநிலத்தின் நிலப்பரப்பில் 80 விழுக்காட்டுக்கும் மேலானது நடுவண் அரசுக்குச் சொந்தமானது. பண்ணையாளருக்குச் சொந்தமாக இருப்பது பெரும்பாலும் நீர் உள்ள இடத்தைச் சுற்றிய சிறு பகுதி மட்டுமே. எனினும் சுற்றியுள்ள பரந்த அரசு நிலத்தில் யாருடைய கால்நடை மேயும் என்பதை அந்தச் சிறு பகுதியில் உள்ள நீரே நெடுங்காலம் தீர்மானித்து வந்தது. இப்பகுதியின் நில வழக்குகள் எனப்படுபவற்றுள் பல, உண்மையில் நீர் வழக்குகளே எனலாம்.

நில அமைப்பு

நெவாடாவின் பெரும்பகுதி 'கிரேட் பேசின்' எனப்படும் மூடிய வடிநிலத்தில் அமைந்துள்ளது. இங்கு பெய்யும் மழைநீர் எந்தக் கடலையும் சென்றடைவதில்லை. ஆறுகள் ஏரிகளிலோ உப்புப் படுகைகளிலோ முடிந்து ஆவியாகின்றன. 1843–44 ஆண்டுகளில் இப்பகுதியைச் சுற்றி ஆய்வுப் பயணம் மேற்கொண்ட ஜான் பிரீமாண்ட் என்பவரே இப்பெயரை இட்டார். மாநிலத்தின் வடபகுதியில் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும் அம்போல்ட் ஆறும் கடலைக் காணாமல் அம்போல்ட் படுகையில் மறைந்துவிடுகின்றது.

மேற்கே உள்ள சியரா நெவாடா மலைத்தொடர் பசிபிக் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்றைத் தடுத்துவிடுவதால், அதன் கிழக்குப் பகுதி மழை மறைவுப் பகுதியாகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் மிகவும் வறண்ட மாநிலம் நெவாடாவே. இதன் ஆண்டுச் சராசரி மழைவீழ்ச்சி ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் ஆகும். பள்ளத்தாக்குகளில் இதனினும் குறைவு. வடக்குத் தெற்காக நீண்ட மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாக அமைய, அவற்றுக்கிடையே தட்டையான பள்ளத்தாக்குகள் கிடக்கின்றன. பள்ளத்தாக்கு என்ற சொல்லைக் கொண்டு தாழ்நிலம் என்று எண்ணிவிடக் கூடாது. எல்கோ நகரம் சுமார் 1,540 மீட்டர் உயரத்திலும், ஈலி நகரம் சுமார் 1,960 மீட்டர் உயரத்திலும் உள்ளன. கிழக்கெல்லைக்கு அருகே உள்ள வீலர் சிகரம் 3,982 மீட்டர் உயரமானது.

பள்ளத்தாக்குகளில் சேஜ்பிரஷ் எனப்படும் சாம்பல் நிறப் புதர்களும், அதற்கு மேலே பின்யோன் பைன், ஜூனிப்பர் மரங்களும், ஈரமான மலைச்சரிவுகளில் ஆஸ்பென் மரங்களும் காணப்படுகின்றன. கோடை மழை இங்கு நம்பத்தக்கதன்று. குளிர்காலத்தில் மலைகளில் படியும் பனியே ஆண்டு முழுமைக்குமான நீர்ச் சேமிப்பாகும்.

நீர் மூலங்கள்

பனி உருகும் நீரின் ஒரு பகுதி ஓடைகளாக இறங்குகின்றது. மலையடிவாரத்தில் உள்ள சரளைக்கல் படிவுகளை அடைந்ததும் பல ஓடைகள் நிலத்துக்குள் புகுந்துவிடும். ஆகவே ஓடை நீர் மே, ஜூன் மாதங்களில் மட்டுமே பெருகிக் காணப்படும். மற்றொரு பகுதி பாறை இடுக்குகளில் இறங்கி, சில இடங்களில் மலைச்சுனைகளாகவும், சில இடங்களில் பள்ளத்தாக்கின் ஓரத்தில் ஊற்றுகளாகவும் வெளிப்படுகின்றது. கிழக்கு நெவாடாவில் சுண்ணாம்புப் பாறை அடுக்குகள் பல பள்ளத்தாக்குகளைக் கடந்து தொடர்ந்து செல்வதால், ஒரு மலையில் பெய்த பனியின் நீர் வேறொரு பள்ளத்தாக்கின் ஊற்றில் வெளிவருவதும் உண்டு. பின்னாளில் எழுந்த வழக்குகளைப் புரிந்துகொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

ரூபி மலைகளின் கிழக்கு அடிவாரத்தில் 200க்கும் மேற்பட்ட ஊற்றுகள் சுரந்து பரந்த சதுப்பு நிலம் ஒன்றை உருவாக்கியுள்ளன. இது 1938 முதல் ரூபி ஏரி தேசிய வனவிலங்குப் புகலிடமாக உள்ளது. ஆனால் இத்தகைய வளமான ஊற்றுத் தொகுதிகள் அரிது. பெரும்பாலான ஊற்றுகள் ஒரு கைப்பிடி அளவே சுரப்பவை.

ஓர் ஊற்றின் ஆளுகை

கோடையில் கன்றூட்டும் பசு ஒன்று நாளொன்றுக்கு 60 லிட்டரும் அதற்கு மேலும் நீர் அருந்தும். எனவே மாடு நீரை விட்டு வெகுதூரம் செல்வதில்லை. நீரிலிருந்து 1.6 கிலோமீட்டர் (ஒரு மைல்) வரையுள்ள புல்லை மாடுகள் நன்கு மேய்கின்றன என்றும், 1.6 முதல் 3.2 கிலோமீட்டர் வரையுள்ள நிலத்தின் மேய்ச்சல் திறனைப் பாதியாகக் கொள்ள வேண்டும் என்றும், அதற்கப்பால் உள்ள நிலத்தைக் கணக்கில் சேர்க்கலாகாது என்றும் அமெரிக்க மேய்ச்சல் நிலவியலாளர்கள் வகுத்துள்ளனர். சரிவான நிலமாயின் இந்த அளவு மேலும் குறையும்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். 3.2 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு சுமார் 32 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 8,000 ஏக்கர். மேற்கண்ட விதிப்படி வெளிவளையத்தைப் பாதியாகக் கொண்டால் பயன்படும் அளவு 5,000 ஏக்கர் ஆகும். ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய 20 ஏக்கர் வேண்டும் எனக் கொண்டால் (இப்பகுதிக்கு இது மிகையன்று) இந்நிலம் சுமார் 60 பசுக்களை நான்கு மாதம் தாங்கும். அவற்றுக்கு நாளொன்றுக்கு வேண்டிய நீர் 3,600 லிட்டர். நிமிடத்துக்கு இரண்டரை லிட்டர் சுரக்கும் ஊற்று, இரவிலும் வீணாகாமல் தொட்டியில் தேக்கப்பட்டால், இதற்குப் போதுமானது. நம் வீட்டுக் குடம் ஒன்றை நிரப்ப ஆறு நிமிடம் எடுத்துக்கொள்ளும் ஊற்று அது. அது வற்றினால் 8,000 ஏக்கர் புல்லும் இருந்தும் இல்லாததாகிவிடும்.

வரலாறு

ஐரோப்பிய அமெரிக்கர் வருமுன் மேற்கு சோசோனி, கோசியூட், பையூட் மக்கள் இந்த ஊற்றுகளை அடுத்தே தங்கி வாழ்ந்தனர். பின்யோன் பைன் கொட்டைகளும் வேட்டையும் அவர்களின் உணவாதாரம். 1859இல் காம்ஸ்டாக் வெள்ளிப் படிவம் கண்டறியப்பட்டதும் சுரங்க நகரங்கள் தோன்றின. அவற்றின் இறைச்சித் தேவைக்காக மாட்டு மந்தைகள் கொண்டுவரப்பட்டன. 1869இல் கண்டம் கடக்கும் இரயில் பாதை அம்போல்ட் ஆற்றையொட்டி அமைக்கப்பட்டபின், மாடுகளைத் தொலைதூரச் சந்தைகளுக்கு அனுப்பவும் வழி பிறந்தது.

1862ஆம் ஆண்டின் குடியேற்ற நிலச் சட்டப்படி ஒருவர் 160 ஏக்கர் நிலம் பெறலாம். ஈரமான கிழக்கு மாநிலங்களில் இது ஒரு குடும்பத்துக்குப் போதிய உழவு நிலம். நெவாடாவிலோ 160 ஏக்கரில் சில மாடுகளைக்கூட ஆண்டு முழுவதும் வளர்க்க இயலாது. ஆனால் அந்த 160 ஏக்கருக்குள் ஊற்று அடங்கியிருக்குமாயின், சுற்றியுள்ள பல்லாயிரம் ஏக்கரைப் பிறர் பயன்படுத்த முடியாது. பண்ணையாளர்கள் இதனை விரைவில் உணர்ந்துகொண்டனர். தம் பணியாட்கள் பெயரிலும் உறவினர் பெயரிலும் ஊற்று ஊற்றாகப் பதிவு செய்து நிலத்தைச் சேர்த்தவர்களும் உண்டு.

1889–90 குளிர்காலம் இத்தொழிலின் போக்கை மாற்றியது. 'வெள்ளைக் குளிர்காலம்' என்று நினைவுகூரப்படும் அவ்வாண்டில் ஆழ்பனியில் மேய்ச்சலின்றி மாடுகள் பெருந்தொகையாக மடிந்தன. பின்னர் நெவாடாவின் ஆளுநரான (1903–1908) ஜான் இசுபார்க்சின் பண்ணையும் பேரிழப்புக்கு உள்ளானது. அதுவரை குளிர்காலத்திலும் மாடுகள் தாமே மேய்ந்து பிழைக்கும் என்றிருந்த பண்ணையாளர்கள், அதன்பின் உலர்புல் சேமிக்கத் தொடங்கினர். உலர்புல்லுக்குப் புல்வெளியும், புல்வெளிக்குப் பாசன நீரும் வேண்டும். ஆகவே ஓடை நீரின் மதிப்பு மேலும் உயர்ந்தது.

இதே காலத்தில் செம்மறியாட்டு மந்தைகள் பெருகின. பிரான்சு, எசுப்பானிய எல்லையிலுள்ள பாசுக்கு நாட்டிலிருந்து வந்தோர் பலர் இடையர்களாகப் பணியாற்றினர். கூலிக்குப் பதிலாக ஆடுகளைப் பெற்றுத் தாமே மந்தை சேர்த்தவர்களும் அவர்களுள் இருந்தனர். சொந்த நிலம் இல்லாமல் ஊர் ஊராக மந்தையை ஓட்டிச் சென்ற இவர்களை மாட்டுப் பண்ணையாளர்கள் வெறுத்தனர். மலைகளில் ஆஸ்பென் மரப்பட்டைகளில் அவர்கள் செதுக்கிய பெயர்களும் ஆண்டுகளும் இன்றும் காணப்படுகின்றன. செம்மறியாடுகளுக்கு மற்றொரு வசதியும் உண்டு. அவை குளிர்காலத்தில் பனியைத் தின்றே தாகம் தீர்த்துக்கொள்ளும். எனவே ஊற்றே இல்லாத பள்ளத்தாக்குகளையும் குளிர்கால மேய்ச்சலுக்குப் பயன்படுத்த முடிந்தது.

நீர் உரிமையும் மேய்ச்சல் அனுமதியும்

நெவாடாவின் நீர்ச் சட்டம் 'காலத்தில் முந்தியவரே உரிமையில் முந்தியவர்' என்ற கோட்பாட்டைப் பின்பற்றுகின்றது. நீரை முதலில் எடுத்துப் பயன்படுத்தியவருக்கு, பஞ்ச காலத்திலும் முழுப் பங்கு உண்டு. பின்னர் வந்தவர்கள் எஞ்சியதைப் பெறுவர். எஞ்சாவிடில் ஒன்றுமில்லை. பற்றாக்குறையை அனைவரும் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இச்சட்டத்தில் இல்லை. இவ்வுரிமைகளைப் பதிவு செய்து நிருவகிக்க 1903இல் மாநிலப் பொறியாளர் பதவி ஏற்படுத்தப்பட்டது. புதிதாக வரும் மந்தைகள் பழைய பண்ணையாளரின் மேய்ச்சல் நிலத்துக்கு நடுவே நீருரிமை பெற்றுவிடாதவாறு தடுக்க 1925இல் தனிச் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது.

அரசு நிலத்தில் மேய்ச்சல் 1934 வரை கட்டுப்பாடின்றி நடைபெற்றது. யார் முந்துகிறார்களோ அவர்களுக்கே புல் என்ற நிலையில், நிலம் விரைந்து பாழானது. 1934இல் நிறைவேறிய டெய்லர் மேய்ச்சல் சட்டம் அனுமதிச் சீட்டு முறையைக் கொண்டுவந்தது. அனுமதி பெற விரும்புபவரிடம் 'அடிப்படைச் சொத்து' இருத்தல் வேண்டும். அது தீவனம் விளையும் நிலமாகவோ, நீர் மூலமாகவோ இருக்கலாம். பழைய நடைமுறைக்குச் சட்ட வடிவம் கிடைத்தது என்றே இதனைக் கொள்ளலாம். சொந்த நிலமற்ற நாடோடி மந்தைகள் இதனால் மறைந்தன. இச்சட்டத்தை நிருவகித்த மேய்ச்சல் துறை 1946இல் வேறொரு துறையுடன் இணைக்கப்பட்டு நில மேலாண்மைப் பணியகம் ஆனது. மேய்ச்சல் கட்டணம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாய்பாட்டின்படி ஆண்டுதோறும் கணிக்கப்படுகின்றது. ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்கு 1.35 டாலருக்குக் குறையாமல் அது இருக்க வேண்டும் என 1986இல் வரையறுக்கப்பட்டது.

நீருக்கு உரிமையளிப்பது மாநிலம். புல்லுக்கு அனுமதியளிப்பது நடுவண் அரசு. ஒன்றின்றி மற்றது பயனற்றது. இந்த இரட்டை ஆட்சியே பல சச்சரவுகளுக்கு வித்தானது. மானிட்டர் பள்ளத்தாக்கிலுள்ள பைன் கிரீக் பண்ணையின் உரிமையாளர் வெய்ன் ஏஜ், தம் மாடுகள் 1991இல் பறிமுதல் செய்யப்பட்டதும், தம் நீருரிமையை அரசு பறித்துவிட்டது என்று வழக்குத் தொடுத்தார். 2006இல் அவர் இறந்த பின்னரும் வழக்கு நடந்தது. 2008இல் 40 இலட்சம் டாலருக்கும் அதிகமான இழப்பீடு வழங்கப்பட்டது. ஆனால் 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நீருரிமை உடையவர் நீரை எடுக்கச் செல்லலாம். அதனால் மேய்ச்சல் உரிமை வந்துவிடாது என்பதே இத்தகைய வழக்குகளில் நிலைபெற்ற கருத்தாகும்.

சோசோனி மக்களின் வழக்கு

மேற்கு சோசோனி மக்களும் ஐக்கிய அமெரிக்க அரசும் 1863இல் ரூபி பள்ளத்தாக்கில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். அது அமைதிக்கும் நட்புக்குமான உடன்படிக்கை. நிலத்தை விட்டுக்கொடுப்பதாக அதில் எங்கும் கூறப்படவில்லை. கிரெசென்ட் பள்ளத்தாக்கில் மாடும் குதிரையும் வளர்த்த மேரி டான், கேரி டான் என்ற சோசோனிச் சகோதரியர் இதனைச் சுட்டிக்காட்டி, தம் முன்னோர் நிலத்தில் மேய்க்க அனுமதிச் சீட்டு வேண்டியதில்லை என்றனர். 1974இல் அரசு அவர்கள்மீது அத்துமீறல் வழக்குத் தொடுத்தது. சோசோனி மக்களின் நிலத்துக்கென 2.6 கோடி டாலர் இழப்பீடு ஒதுக்கப்பட்டு அரசுக் கருவூலத்திலேயே வைக்கப்பட்டிருந்தது. மக்கள் அதனைப் பெற்றுக்கொள்ளவில்லை. ஆயினும் அவ்வாறு வைத்ததே பணம் கொடுத்ததற்குச் சமம் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2002இலும் 2003இலும் அச்சகோதரியரின் கால்நடைகள் பிடித்துச் செல்லப்பட்டன. இடையே, 2002 டிசம்பரில், அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை ஆணையம் அவர்களுக்குச் சார்பாகக் கருத்துத் தெரிவித்தது, நிலைமை மாறவில்லை. மேரி 2005இலும் கேரி 2021இலும் காலமானார்கள்.

பண்ணையின் ஆண்டுச் சுழற்சியும் நீர் அமைப்புகளும்

வசந்த காலத்தில் மாடுகள் அடிவாரங்களில் மேய்கின்றன. கோடையில் பனி பின்வாங்கப் பின்வாங்க மலைமீது ஏறுகின்றன. அந்நேரத்தில் பள்ளத்தாக்கிலுள்ள புல்வெளிகளில் ஓடை நீர் பாய்ச்சப்பட்டு, ஜூலை மாத அளவில் புல் அறுத்து உலர்த்தப்படுகின்றது. இலையுதிர் காலத்தில் மாடுகள் இறங்கி வந்து கன்றுகள் பிரிக்கப்பட்டு விற்கப்படுகின்றன. குளிர்காலத்தில் உலர்புல்லே தீவனம்.

ஊற்றை மேம்படுத்துவது எளிய பணியே. சுரக்கும் இடத்தைத் தோண்டித் துளையிட்ட குழாயைப் பதித்து, நீரை ஒரு பெட்டியில் சேர்த்து, அங்கிருந்து குழாய் வழியாகத் தாழ்வான இடத்திலுள்ள தொட்டிக்குக் கொண்டுசெல்வர். மிதவை அடைப்பான் தொட்டி நிரம்பியதும் நீரை நிறுத்திவிடும். தவறி விழும் பறவைகளும் சிறு விலங்குகளும் ஏறி வெளியேறச் சரிவுத் தகடு ஒன்றும் பொருத்தப்படும். 1930களில் வேலையற்ற இளைஞர்களைக் கொண்ட குடிமக்கள் பாதுகாப்புப் படையினர் இத்தகைய அமைப்புகளைப் பெருமளவில் கட்டினர். ஊற்று இல்லாத இடங்களில் கிணறு தோண்டிக் காற்றாலையால் நீர் இறைக்கப்பட்டது. அண்மைப் பதிற்றாண்டுகளில் சூரிய ஒளி எக்கிகள் அவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன. கடும் வறட்சியில் சரக்குந்துகளில் நீர் கொண்டுசெல்வதும் உண்டு.

நகரங்களின் தேவை

பண்ணையை விலைக்கு வாங்கி அதன் நீரை நகரத்துக்குக் கொண்டுசெல்வது மேற்கு அமெரிக்காவில் புதிதன்று. கிரேட் பேசினின் மேற்கு ஓரத்தில், கலிபோர்னியாவிலுள்ள ஓவன்சு பள்ளத்தாக்கில் இலாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1905 முதல் நிலங்களை வாங்கிச் சேர்த்தது. 1913இல் திறக்கப்பட்ட கால்வாய் அந்நீரை நகரத்துக்குக் கொண்டுசென்றது. 1924இல் பள்ளத்தாக்கு மக்கள் கால்வாயின் மதகைக் கைப்பற்றி நீரைத் திருப்பிவிட்டனர். கால்வாய் பலமுறை வெடிவைத்தும் தகர்க்கப்பட்டது. ஆயினும் ஓவன்சு ஏரி 1920களிலேயே வற்றிப் புழுதிக் களமானது.

இந்நிகழ்வை நெவாடாப் பண்ணையாளர்கள் மறக்கவில்லை. ஏறத்தாழ 90 விழுக்காடு நீரைக் கொலராடோ ஆற்றிலிருந்து பெறும் இலாஸ் வேகாஸ், 1989இல் கிழக்கு நெவாடாப் பள்ளத்தாக்குகளின் நிலத்தடி நீருக்காக 146 விண்ணப்பங்களை அளித்தது. ஏறத்தாழ 480 கிலோமீட்டர் நீளக் குழாய்வழி திட்டமிடப்பட்டது. 2006 முதல் தென் நெவாடா நீர் ஆணையம் இசுபிரிங் பள்ளத்தாக்கில் ஏழு பண்ணைகளை ஏறத்தாழ 8 கோடி டாலருக்கு வாங்கி, மாடும் ஆடும் வளர்க்கும் ஓர் அரசு அமைப்பாக மாறியது. பண்ணையாளர்கள், கோசியூட், சோசோனி மக்கள், அண்டையிலுள்ள யூட்டா மாநிலத்தவர், சூழலியலாளர்கள் ஆகியோர் ஓரணியில் நின்று எதிர்த்தனர். வேறு எதிலும் ஒத்துப்போகாத தரப்பினர் இவர்கள் என்பது குறிப்பிடத்தக்கது. சோசோனி, கோசியூட் மக்கள் படுகொலை செய்யப்பட்ட புனித இடமான சதுப்பு ஜூனிப்பர்த் தோப்பு ஒன்றும் அப்பள்ளத்தாக்கில் உள்ளது. 2012இல் மாநிலப் பொறியாளர் வழங்கிய அனுமதியை 2013இல் நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2018இல் விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டன. 2020 மார்ச்சில் நீதிமன்றம் அம்மறுப்பை உறுதி செய்ய, ஆணையம் அதே ஆண்டில் திட்டத்தைக் கைவிட்டது.

நிலத்தடி நீர்ச் சரிவு

நகரம் மட்டுமே ஊற்றுகளுக்குப் பகையன்று. யுரேக்கா நகரை அடுத்த டயமண்டு பள்ளத்தாக்கில் 1960கள் முதல் ஆழ்துளைக் கிணறுகளால் குதிரை மசால் பயிரிடப்படுகின்றது. ஆண்டுதோறும் பாதிப்பின்றி எடுக்கக்கூடிய நீர் 30,000 ஏக்கர்-அடி என மதிப்பிடப்பட்டிருக்க, வழங்கப்பட்ட உரிமைகளோ அதன் நான்கு மடங்கு. (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர்-அடி, இது சுமார் 12.3 இலட்சம் லிட்டர்.) நீர்மட்டம் இறங்க, பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் பண்ணைகளுக்குப் பாய்ந்துவந்த ஊற்றுகள் மெலிந்தன. காகிதத்தில் மிகப் பழைய உரிமை ஊற்று உடையவருடையது. நீரோ பின்னால் வந்த கிணற்றில் கிடைக்கின்றது. கிணற்று உரிமைகளைப் பங்குகளாக்கி, 35 ஆண்டுகளில் படிப்படியாகக் குறைக்கும் திட்டமொன்றை விவசாயிகளே வகுத்தனர். அது முன்னுரிமைக் கோட்பாட்டுக்கு முரணானது என்று மூத்த உரிமையாளர்கள் வழக்காடினர். 2022இல் நெவாடா உச்ச நீதிமன்றம் 4–3 என்ற பெரும்பான்மையில் திட்டத்தை ஏற்றது.

கிணறும் ஊற்றும் ஒரே நீர் என்பது முன்னரே ஒரு மீனின் பொருட்டு நிறுவப்பட்டிருந்தது. தென் நெவாடாவில் டெவில்சு ஓல் என்னும் பாறைக் குழியிலுள்ள நீரில் மட்டுமே வாழும் சிறு மீனினம் ஒன்று உண்டு. சுமார் 4 கிலோமீட்டர் தொலைவில் 12,000 ஏக்கர் பண்ணை ஒன்று 1968இல் கிணற்று நீர் இறைக்கத் தொடங்கியதும் குழியின் நீர்மட்டம் தாழ்ந்தது. 1976இல் ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, மீனுக்கு வேண்டிய நீர்மட்டத்தைக் காக்கும் வகையில் இறைப்பைக் கட்டுப்படுத்தியது. ஊற்றையும் நிலத்தடி நீரையும் இணைத்தே நிருவகிக்க மாநிலப் பொறியாளருக்கு அதிகாரம் உண்டு என்பதை நெவாடா உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் உறுதி செய்தது.

சூழலியல்

மாடுகள் நீரருகே கூடுவதால் ஊற்றுகளின் சுற்றுப்புறம் மிதிபட்டுச் சேறாகின்றது. தனித்தனி ஊற்றுகளில் மட்டும் வாழும் நத்தைகளுக்கும் மீன்களுக்கும் இது பெருங்கேடு. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாதுகாக்கப்படும் காட்டுக் குதிரைகளும் அதே ஊற்றுகளை நாடுகின்றன. ஊற்றின் தலைப்பகுதிக்கு வேலியிட்டு, நீரை வெளியே தொட்டிக்குக் கொண்டுவருவது இதற்கு வழக்கமான தீர்வாகும்.

ஓடைகளைப் பொறுத்தவரை வேலியைவிடக் காலமே முதன்மையானது. எல்கோவுக்கு மேற்கே சூசி, மேகி ஆகிய ஓடைகளின் கரைகளில் கோடை முழுவதும் மாடுகள் மேய்ந்ததால் வில்லோச் செடிகள் அழிந்து, ஓடை ஆழமாக அரித்துச் சென்றிருந்தது. 1990களில் பண்ணையாளரும் நில மேலாண்மைப் பணியகமும் உடன்பட்டு, கடும் கோடையில் ஓடைக்கரை மேய்ச்சலைத் தவிர்த்தனர். மாடுகள் முற்றிலும் அகற்றப்படவில்லை. வில்லோ தழைத்தது, அதனைத் தேடி நீர்நாய்களைப் போன்ற கொறிவிலங்கான பீவர்கள் வந்து அணை கட்டின. தேங்கிய நீர் கரையில் ஊறி, முன்பு கோடையில் வறண்ட பகுதிகளிலும் நீர் நிற்கலானது. வறட்சி ஆண்டுகளில் பண்ணையின் மாடுகளும் அந்த நீரையே அருந்தின.